நிஜ மனிதனோடு நடித்த கார்ட்டூன் முயல்: 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' இன்றும் நம்மை நம்ப வைப்பது எப்படி?

ஒரு மதுக்கடையின் பின்பக்க அறை. கையில் விலங்கு மாட்டிய ஒரு துப்பறிவாளர். அதே விலங்கின் மறுமுனையில் ஒரு முயல். நிஜ முயல் இல்லை, கையால் வரைந்த கார்ட்டூன் முயல். துப்பறிவாளர் ரம்பத்தால் விலங்கை அறுக்கப் பார்க்கும்போது, மேலே தொங்கும் விளக்கில் தலை இடித்துக்கொள்கிறார். விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. அறை முழுக்க வெளிச்சமும் நிழலும் மாறி மாறி ஓடுகிறது. முயலின் முகத்தில் விழும் வெளிச்சமும், அதன் பின்னால் விழும் நிழலும்கூட அதே தாளத்தில் ஆடுகிறது.

இது 1988ல் வந்த படம். முயலை வரைந்ததும் கம்ப்யூட்டர் இல்லை, காட்சியோடு ஒட்டியதும் கம்ப்யூட்டர் இல்லை. இன்றைக்கு செல்போனில் ஒரு ஃபில்டரைத் தட்டினால் நம் பக்கத்தில் டைனோசரே வந்து நிற்கும். ஆனாலும் அது 'அங்கே இருக்கு' என்று நாம் ஒரு நிமிஷம்கூட நம்புவதில்லை. ரோஜர் முயலை மட்டும் ஏன் நம்புகிறோம்? அந்தக் கேள்விக்கான பதிலும், படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நகரத்தின் உண்மைக் கதையும்தான் இந்தக் கட்டுரை.

(முக்கியமான திருப்பங்களைச் சொல்லப் போகிறோம். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து தொடரலாம்!)

கதை என்ன?

1947ம் வருஷ ஹாலிவுட். இந்தப் படத்தின் உலகத்தில் கார்ட்டூன்கள் வெறும் படங்கள் அல்ல. சம்பளம் வாங்கி நடிக்கும் உயிருள்ள நடிகர்கள். 'டூன்' என்று அவர்களுக்குப் பெயர். நகரத்தை ஒட்டி 'டூன்டவுன்' என்ற தனிப் பகுதியில் வாழ்கிறார்கள்.

எடி வேலியன்ட் ஒரு தனியார் துப்பறிவாளர். ஒரு டூன், அவருடைய தம்பியின் தலையில் பியானோவைத் தள்ளிவிட்டுக் கொன்றுவிட்டது. அன்றிலிருந்து குடி, கடன், டூன்கள் என்றாலே வெறுப்பு. அப்படிப்பட்ட ஆளிடம், ரோஜர் முயலின் மனைவி ஜெசிகா வேறொருவருடன் பழகுவதைப் படம்பிடிக்கும் வேலை வருகிறது. எடி எடுத்த புகைப்படங்களில் ஜெசிகாவும் ஆக்மி என்ற தொழிலதிபரும் செய்வது என்ன தெரியுமா? சின்னப் பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து கையோடு கை தட்டி விளையாடுவார்களே, அந்த விளையாட்டு. டூன் உலகத்தில் அதுவே பெரிய துரோகம். ரோஜர் உடைந்துபோகிறது.

மறுநாள் ஆக்மி கொலை. பழி ரோஜர் மேல். நீதிபதி டூம் என்ற கறுப்பு அங்கி மனிதர் தன் மரநாய் அடியாட்களோடு முயலைத் தேடுகிறார். தப்பித்து வந்த முயல் அடைக்கலம் கேட்டு நிற்கும் இடம், டூன்களைக் கண்டாலே ஆகாத எடியின் வீடு. அங்கிருந்து கதை பறக்கிறது.

கேரி கே. வுல்ஃப் 1981ல் எழுதிய நாவல்தான் இதற்கு அடிப்படை. படத்தை இயக்கியவர் ராபர்ட் ஜெமெக்கிஸ். 'பேக் டு த ஃபியூச்சர்' முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் செய்த படம் இது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஆம்ப்ளின் நிறுவனமும் டிஸ்னியும் சேர்ந்து தயாரித்தன. எடியாக பாப் ஹாஸ்கின்ஸ், டூமாக கிறிஸ்டோபர் லாயிட். ரோஜருக்குக் குரல் சார்லஸ் ஃப்ளெய்ஷர்.

இதற்கு முன்னாடி யாரும் செய்யலையா?

செய்திருக்கிறார்கள், நிறையவே. 1914லேயே வின்சர் மெக்கே தான் வரைந்த 'ஜெர்ட்டி' டைனோசரை மேடையில் நின்றபடி அதட்டி வேலை வாங்கினார். வால்ட் டிஸ்னி மிக்கி மவுஸுக்கு முன்பே, 1920களில், ஒரு நிஜச் சிறுமியைக் கார்ட்டூன் உலகத்துக்குள் விட்டு 'ஆலிஸ்' குறும்படங்களை எடுத்தார். 1945ல் 'ஆங்கர்ஸ் அவெய்' படத்தில் ஜீன் கெல்லி, டாம் அண்ட் ஜெர்ரியில் வரும் ஜெர்ரி எலியோடு ஆடினார். 1964ல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் டிக் வான் டைக் பென்குயின்களோடு ஆடியதை இன்றும் சிலாகிப்பார்கள்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு எழுதாத சட்டம் இருந்தது: கேமராவை அசைக்காதே. காரணம் எளிது. கேமரா ஓர் அடி நகர்ந்தாலும் அறையின் கோணம் மாறும். அப்போது கார்ட்டூனும் அதே கோணத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அந்த மாற்றத்தைக் கையால் கணக்குப் போட்டு வரையணும். யாருக்கு அந்தத் தலைவலி? கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பி, நடிகரும் கார்ட்டூனும் ஒருவரையொருவர் அதிகம் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை ஒட்டியது போலத் தெரியும்.

ரோஜர் படத்தின் அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் இந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. கனடாவில் பிறந்து லண்டனில் ஸ்டுடியோ நடத்தியவர். தன் சொந்தப் படம் ஒன்றை 1960களிலிருந்து செதுக்கிக்கொண்டே இருந்த பிடிவாதக்காரர். கேமரா எப்படி வேண்டுமானாலும் நகரட்டும், வரைய வேண்டியது எங்கள் பொறுப்பு என்பதுதான் அவர் நிலை. ஜெமெக்கிஸுக்கு வேறென்ன வேணும்? நிற்காமல் நகரும் கேமராதான் அவருக்குப் பிடித்த பாணி. வழக்கமான படத்தை எடுப்பது போலவே எடுத்தார்.

இருவரும் மூன்று விஷயங்களில் கறாராக இருந்தார்கள். கேமரா நகர வேண்டும். வெளிச்சமும் நிழலும் கார்ட்டூன் மேல் சரியாக விழ வேண்டும். கார்ட்டூன்கள் நிஜப் பொருட்களைத் தொட வேண்டும், தள்ள வேண்டும், உடைக்க வேண்டும். இதில் மூன்றாவதுதான் படத்தின் பெரிய ரகசியம் என்று எனக்குத் தோன்றும்.

இல்லாத முயலை எப்படிப் படம்பிடித்தார்கள்?

மரநாய்கள் கையில் பிடித்திருக்கும் துப்பாக்கிகளைப் பாருங்கள். துப்பாக்கி நிஜம், மரநாய்தான் வரைந்தது. கம்பிகளிலும் இயந்திரக் கைகளிலும் நிஜத் துப்பாக்கியை மாட்டி அந்தரத்தில் ஆட்டிப் படம்பிடித்தார்கள். பிறகு அந்தத் துப்பாக்கியைச் சுற்றி மரநாயை வரைந்தார்கள். கிளப்பில் பென்குயின் வெயிட்டர்கள் தூக்கி வரும் தட்டுகள் நிஜம். பேபி ஹெர்மன் வாயில் புகையும் சுருட்டு நிஜம். 'பென்னி' என்ற பேசும் டாக்ஸிக்காக ஒரு சின்ன வண்டியை ஸ்டன்ட் ஓட்டுநர் நிஜமாகவே தெருவில் ஓட்டினார். டாக்ஸியை அதன் மேல் வரைந்து மூடிவிட்டார்கள்.

எடி, மரநாய்களிடமிருந்து ஒளித்து வைக்க ரோஜரைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் அமுக்கும் காட்சி ஒன்று உண்டு. முயல் மூச்சு முட்டி மேலே வந்து தண்ணீரைத் துப்பும். அந்தத் தண்ணீர் நிஜத் தண்ணீர். நம் கண் அந்த நனைந்த சட்டையைப் பார்க்கிறது. தண்ணீர் நிஜம் என்றால் அதைத் துப்பியவனும் நிஜமாகத்தான் இருக்கணும் என்று மூளை தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. பொருளை நிஜமாக வைத்து, ஆளை மட்டும் பொய்யாக வைக்கும் தந்திரம் இது. இதற்கான இயந்திர வேலைகளை ஜார்ஜ் கிப்ஸ் குழு செய்தது. ஸ்டுடியோ காட்சிகள் பெரும்பாலும் லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீயில் படமாகின.

சரி, நடிகரின் நிலைமை? ஒத்திகையில் ரோஜர் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை இருக்கும். ஷாட் எடுக்கும்போது அதுவும் இருக்காது, வெறும் காற்றுதான். ஹாஸ்கின்ஸ் அந்தக் காற்றின் கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், அதன் கண்ணைப் பார்த்துத் திட்ட வேண்டும். இங்கே பார்வைதான் எல்லாம். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கும் கண்ணும் தொலைவில் இருக்கும் சுவரைப் பார்க்கும் கண்ணும் ஒரே மாதிரி இருக்காது. கருவிழி குவியும் இடம் மாறினால் நமக்கு உடனே தெரிந்துவிடும். காற்றில் இரண்டடி தூரத்தில் ஒரு புள்ளியில் கண்ணைக் குவித்து நிறுத்த ஹாஸ்கின்ஸ் பழகிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத நண்பர்களோடு விளையாடும் தன் சின்ன மகளைக் கவனித்துத்தான் அதைக் கற்றதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் முடிந்த பிறகும் கொஞ்ச காலம் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்ததாகவும் சொன்னார்.

குரல் கொடுத்த ஃப்ளெய்ஷர் கேமராவுக்குப் பின்னால் முயல் வேஷம் போட்டுக்கொண்டு நின்று வசனம் சொல்வார்! படத்தில் அந்த வேஷம் ஒரு நொடிகூட வராது. ஆனால் ஹாஸ்கின்ஸுக்கு எதிர்வசனம் சொல்ல ஓர் உயிர் வேண்டுமே.

இந்தப் படத்துக்காக சிறப்பு ஆஸ்கர் ரிச்சர்ட் வில்லியம்ஸுக்குப் போனது, நியாயம்தான். ஆனால் ஹாஸ்கின்ஸ் நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. அது அநியாயம்.

ஒரு நிமிஷத்துக்கு 1,440 படங்கள்

படப்பிடிப்பு முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. சாதாரண 35 எம்எம் கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழாக ஓடும். இந்தப் படத்தில் கார்ட்டூன் வரும் காட்சிகளுக்கு 'விஸ்டாவிஷன்' என்ற பழைய முறையைப் பயன்படுத்தினார்கள். அதில் ஃபிலிம் படுக்கைவாட்டில் ஓடும், ஒவ்வொரு ஃப்ரேமும் பெரிதாகப் பதியும். ஏன் பெரிது வேணும்? பிறகு இந்த ஃபிலிமின் மேல் பல அடுக்குகளைச் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்க வேண்டும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் மங்கிப்போகும் இல்லையா, அதே கதைதான். முதல் பிரதி பெரிதாக இருந்தால் இழப்பு குறையும்.

எடுத்த காட்சியின் ஒவ்வொரு ஃப்ரேமையும் பெரிய கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சடித்தார்கள். அதன் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து முயலை வரைந்தார்கள். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். சாதாரணக் கார்ட்டூன்களில் ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துச் சமாளிப்பார்கள், 12 படம் போதும். இங்கே அது நடக்காது. கேமரா ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்கிறது. முயல் மட்டும் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை நகர்ந்தால் தரையில் வழுக்குவது போல இருக்கும். ஆக, ஒரு நிமிஷத்துக்கு ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 1,440 படம். படம் முழுவதற்கும் 82,000க்கும் மேற்பட்ட ஃப்ரேம்களுக்கு அனிமேஷன் செய்ததாகச் சொல்வார்கள். வேலையின் பெரும்பகுதி லண்டனில் நடந்தது. ஒரு பகுதியை லாஸ் ஏஞ்சல்ஸில் டேல் பேயர் தலைமையிலான குழு செய்தது.

அதன் பிறகுதான் முயலுக்கு உடம்பு வந்தது. தட்டையான வண்ணம் பூசிய கார்ட்டூன், ஜார்ஜ் லூகாஸின் 'இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்' நிறுவனத்துக்குப் போனது. அங்கே கென் ரால்ஸ்டன் குழு ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனித்தனி அடுக்குகளைச் சேர்த்தது. உடம்பின் இருண்ட பக்கம் ஓர் அடுக்கு. வெளிச்சம் பட்டு மினுங்கும் ஓரம் ஓர் அடுக்கு. தரையில் விழும் நிழல் இன்னோர் அடுக்கு. ஜெசிகாவின் கவுனில் மின்னும் ஜிகினா தனி. எல்லாவற்றையும் 'ஆப்டிகல் பிரிண்டர்' என்ற கருவியில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே ஃபிலிமாக எடுத்தார்கள். ஓர் அடுக்கு இம்மி விலகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். இப்படி 1,000க்கும் மேற்பட்ட ஷாட்கள்.

இப்போது அந்த ஆடும் விளக்கை நினைத்துப் பாருங்கள். விளக்கு ஆடாமல் இருந்தால் நிழல் ஒரே பக்கம் விழும், வரைபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். விளக்கில் தலை இடிப்பது கதைக்குத் தேவையே இல்லை. இடிக்காமல் விட்டிருந்தால் எந்த ரசிகரும் கேட்டிருக்கப் போவதும் இல்லை. ஆனாலும் இடிக்க வைத்து, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புது நிழல் வரைந்தார்கள். டிஸ்னியில் இதற்கு 'விளக்கை இடிப்பது' என்றே ஒரு பேச்சுவழக்கு உண்டானது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் கூடுதலாக உழைப்பதற்கு அங்கே அதுதான் பெயர்.

அதே காட்சியில் இன்னொரு வேடிக்கை. எடி அறுத்துக்கொண்டிருக்கும்போது மேஜையாக வைத்த பெட்டி ஆடுகிறது. ரோஜர் சட்டென்று விலங்கிலிருந்து கையை உருவிக்கொண்டு வந்து பெட்டியைப் பிடித்துக்கொள்கிறது! இவ்வளவு நேரமும் உருவியிருக்கலாமா என்று எடி கொதிக்க, எப்போது வேண்டுமானாலும் முடியாது, சிரிப்பு வரும் நேரத்தில் மட்டும்தான் முடியும் என்கிறது முயல். டூன்களின் இயற்பியல் விதியே அதுதான்.

டிஸ்னியும் வார்னரும் ஒரே ஃப்ரேமில்

மிக்கி மவுஸ் டிஸ்னிக்குச் சொந்தம். பக்ஸ் பன்னி வார்னர் பிரதர்ஸுக்குச் சொந்தம். இரண்டும் ஒரே காட்சியில் வருவதெல்லாம் அதுவரை கனவு. வார்னர் சம்மதித்தது, ஆனால் நிபந்தனையோடு: எங்கள் நட்சத்திரத்துக்கு உங்கள் நட்சத்திரத்துக்குச் சமமான நேரம் வேண்டும். அதனால்தான் மிக்கியும் பக்ஸும் ஒன்றாக வந்து ஒன்றாகவே போகிறார்கள். எடி வானத்திலிருந்து விழும்போது இரண்டு பக்கமும் பாராசூட்டில் மிதந்து வருவார்களே, அந்தக் காட்சி. டொனால்ட் டக்கும் டாஃபி டக்கும் கிளப்பில் பியானோவில் மோதிக்கொள்வதும் அதே கணக்குத்தான்.

பக்ஸுக்கும் டாஃபிக்கும் தொடக்க காலத்திலிருந்து குரல் கொடுத்த மெல் பிளாங்க்கே இந்தப் படத்திலும் பேசினார். அடுத்த வருஷம் அவர் காலமானார். கறுப்பு வெள்ளையில் சிகரெட் விற்கும் பெண்ணாக வரும் பெட்டி பூப்புக்கும் பழைய குரலே, மே குவெஸ்டல். கலர் படங்கள் வந்ததும் தனக்கு வாய்ப்பு குறைந்துவிட்டதாக பெட்டி எடியிடம் வருத்தப்படுவது, சிரிப்புக்கு நடுவே சுருக்கென்று குத்தும் இடம். டாம் அண்ட் ஜெர்ரியும் பாப்பாயும் இந்தக் கூட்டத்தில் இல்லாததற்குக் காரணம், உரிமை கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

வில்லனின் திட்டம் கற்பனையா, நிஜமா?

படத்தின் இறுதியில்தான் கொலைக்கான காரணம் தெரிகிறது. நீதிபதி டூம் 'குளோவர்லீஃப்' என்ற நிறுவனம் மூலம் நகரத்தின் 'ரெட் கார்' டிராம் சேவையை வாங்கியிருக்கிறார். ஓட்டுவதற்கு இல்லை, மூடுவதற்கு. டிராம் இல்லையென்றால் மக்கள் காரில் போவார்கள். காருக்கு அதிவேகச் சாலை வேணும். சாலை போகும் வழியில் டூன்டவுன் இருக்கிறது. அதனால் டூன்டவுனையே அழித்துவிட்டு, சாலை நெடுக பெட்ரோல் பங்க், மோட்டல், ஹோட்டல், விளம்பரப் பலகை எல்லாம் வைக்கலாம். 1947ல் நிற்கும் எடிக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. ரெட் காரில் சில்லறைக் காசுக்குப் போகலாமே, எவன் அந்த ரோட்டில் போவான் என்று கேட்கிறார். 1988ல் தியேட்டருக்கு அதே அதிவேகச் சாலையில் காரோட்டி வந்து உட்கார்ந்திருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் என்ன செய்திருப்பார்கள்? சிரித்திருப்பார்கள். கொஞ்சம் நெளிந்தும் இருப்பார்கள்.

ஏனென்றால் ரெட் கார் நிஜம். பசிபிக் எலக்ட்ரிக் என்ற நிறுவனம் 1901ல் தொடங்கியது. உச்சத்தில் தெற்கு கலிபோர்னியா முழுக்க 1,600 கிலோமீட்டருக்கும் மேல் தண்டவாளம் விரிந்திருந்தது. கடைசி ரெட் கார் 1961 ஏப்ரலில், லாங் பீச் தடத்தில் ஓடி நின்றது.

அப்போ டூம் மாதிரி ஒரு கம்பெனி சதி செய்துதான் மூடியதா? இங்கேதான் படத்தையும் வரலாற்றையும் பிரித்துப் பார்க்கணும். 'நேஷனல் சிட்டி லைன்ஸ்' என்ற பேருந்து நிறுவனம் அமெரிக்காவின் பல நகரங்களில் டிராம் கம்பெனிகளை வாங்கியது. அதன் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன், ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் கலிபோர்னியா போன்ற நிறுவனங்களின் பணம் இருந்தது. 1949ல் சிகாகோவில் நடந்த வழக்கில், தங்கள் பேருந்து, டயர், எரிபொருளை மட்டுமே வாங்க வைக்கச் சதி செய்ததாக இவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. போக்குவரத்தையே ஏகபோகமாக்கச் சதி செய்தார்கள் என்ற இன்னொரு குற்றச்சாட்டு நிற்கவில்லை. அபராதம்? நிறுவனங்களுக்குத் தலா 5,000 டாலர், அதிகாரிகளுக்குத் தலா 1 டாலர்!

ஆனால் நேஷனல் சிட்டி லைன்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் 1945ல் வாங்கியது ரெட் காரை அல்ல. நகருக்குள் ஓடிய 'யெல்லோ கார்' டிராம்களை. ரெட் கார் வேறு காரணங்களால் தேய்ந்தது. புறநகர் நிலங்களை விற்க உதவியாகத்தான் அந்தத் தடங்கள் முதலில் போடப்பட்டன. நிலம் விற்று முடிந்ததும் டிக்கெட் காசு மட்டும் செலவுக்குப் போதவில்லை. சாலையில் கார்கள் பெருகி டிராமின் வழியை அடைத்தன. 1953ல் பயணிகள் சேவை வேறு ஒரு பேருந்து நிறுவனத்திடம் போனது. 1958ல் அரசு அமைப்பின் கைக்கு வந்தது. கடைசித் தடத்தை மூடியதே அந்த அரசு அமைப்புதான். ஒற்றை வில்லன் கிடைத்தால் கதைக்கு வசதி. நிஜத்தில் இதில் பல கைகள்.

படம் சரியாகத் தொட்ட இடம் வேறு. அதிவேகச் சாலைக்காக யாருடைய வீடு இடிந்தது என்பதுதான் அது. மெக்சிகோ வம்சாவளி மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பாயில் ஹைட்ஸ் பகுதியின் நடுவே பல சாலைகள் பின்னிப் பிணையும் பிரம்மாண்ட சந்திப்பு வந்தது. வசதியான கறுப்பின மக்கள் வாழ்ந்த 'சுகர் ஹில்' பகுதியை 1960களில் சாண்டா மோனிகா அதிவேகச் சாலை பிளந்துகொண்டு போனது. சாலை எப்போதும் எதிர்க்க வலுவில்லாதவர்கள் வாழும் பக்கமாகவே வளைந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'இங்க் அண்ட் பெயின்ட்' கிளப் காட்சியைத் திரும்பப் பாருங்கள். மேடையில் ஆடுபவர்கள் டூன்கள். பரிமாறுபவர்கள் டூன்கள். உட்கார்ந்து ரசிக்க அனுமதி மனிதர்களுக்கு மட்டும். கறுப்பினக் கலைஞர்கள் மேடையேறி, வெள்ளையர்கள் மட்டுமே மேஜையில் அமர்ந்த நியூயார்க்கின் காட்டன் கிளப்பை இது நினைவுபடுத்துவதாகப் பல விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். படம் இதைப் பற்றி ஒரு வசனம்கூடப் பேசாது. காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

'டிப்' என்றால் என்ன?

டூன்களை எதுவும் கொல்ல முடியாது, 'டிப்' என்ற பச்சைத் திரவத்தைத் தவிர. டர்பென்டைன், அசிட்டோன், பென்சீன் மூன்றும் கலந்தது என்று படத்திலேயே சொல்கிறார்கள். பெயின்டர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். மூன்றும் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் வகைகள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கார்ட்டூன் வரைந்த பிளாஸ்டிக் தாள்களைக் கழுவிவிட்டு அடுத்த படத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. இன்று ஏலத்தில் பெரும் விலை போகக்கூடிய எத்தனையோ ஓவியங்கள் அப்படிக் கரைந்து போயின. அனிமேஷன் தொழிலில் இருப்பவர்களுக்கு டிப் ஒரு நகைச்சுவை இல்லை. தங்கள் வேலை கண்முன் அழிந்த நினைவு.

படம் வந்த பிறகு

1988 ஜூன் 22ல் அமெரிக்காவில் வெளியானது. உலகம் முழுக்கச் சுமார் 33 கோடி டாலர் வசூல். படத்தொகுப்பு, விஷுவல் எஃபெக்ட்ஸ், ஒலி விளைவு என மூன்று ஆஸ்கர், வில்லியம்ஸின் சிறப்பு ஆஸ்கர் தனி. 2016ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு மட்டும் என்ற எண்ணத்தை இந்தப் படம் ஆட்டிப் பார்த்தது. அடுத்த வருஷமே டிஸ்னியின் 'த லிட்டில் மெர்மெய்ட்' வந்து, கையால் வரையும் அனிமேஷனுக்கு ஒரு பொற்காலம் தொடங்கியது.

அது நீடிக்கவில்லை. 1993ல் 'ஜுராசிக் பார்க்', 1995ல் 'டாய் ஸ்டோரி'. பத்தாண்டுக்குள் ஆப்டிகல் பிரிண்டர்கள் மூலைக்குப் போயின. 2000களின் தொடக்கத்தில் டிஸ்னியே கையால் வரையும் கலைஞர்கள் பலரை வீட்டுக்கு அனுப்பியது. வில்லியம்ஸ் தன் அனுபவத்தை 2001ல் 'த அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' என்ற பாடநூலாக எழுதினார். கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்பவர்களும் இன்று அதைத்தான் புரட்டுகிறார்கள். ஹாஸ்கின்ஸ் 2014லும், வில்லியம்ஸ் 2019லும் காலமானார்கள்.

நம்ம ஊரிலும் இதே காலத்தில் ஒரு முயற்சி நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? 1989ல் ஏவிஎம் தயாரிப்பில் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா'. அதில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடும் பாட்டை டிவியில் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. ஹாலிவுட்டின் பட்ஜெட்டோ ஆள்பலமோ இல்லாமல் செய்த வேலை. அதை ரோஜரோடு தராசில் வைப்பது நியாயமில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மேலே சொன்ன கேமரா, நிழல் விஷயங்கள் சட்டென்று புரியும்.

குறையே இல்லையா?

இருக்கு. எடி டூன்டவுனுக்குள் நுழையும் பகுதி, எனக்கு எப்போதும் படத்தின் பலவீனமான பகுதியாகத்தான் படும். அங்கே சுற்றியிருப்பதெல்லாம் வரைந்தது, நிஜம் அவர் ஒருவர்தான். தொட்டு உடைக்க நிஜப் பொருள் இல்லாததால், அதுவரை கட்டிய நம்பிக்கை கொஞ்சம் தளர்கிறது. வேடிக்கை அதிகம், எடை குறைவு. ஜெசிகாவை வரைந்த விதமும் ஆண்களின் கண்ணுக்காகவே வரைந்தது. அந்த உருவத்துக்குள் கணவனை உண்மையாக நேசிக்கும் ஒரு புத்திசாலியை வைத்ததால் ஓரளவு தப்பிக்கிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம். கார்ட்டூன்தானே என்று போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். டிப் எப்படி வேலை செய்யும் என்று காட்ட, நீதிபதி டூம் ஒரு குட்டி டூன் ஷூவைத் தூக்குவார். நாய்க்குட்டி மாதிரி அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து உரசிய ஷூ அது. அதைக் கதறக் கதற டிப்பில் அமுக்குவார். வளர்ந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி. இறுதியில் டூமின் உண்மை உருவம் வெளிப்படும்போது வரும் அந்தக் கண்களும் கீச்சுக்குரலும் அதைவிட மோசம். ஏழெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.